பந்தயத்துக்கு முன் பயிற்சி நின்றுபோனால்...

 

நம் மஹல்லாவில் ஓடுகிறவர்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். சுபுஹு தொழுகை முடிந்ததும் மைதானத்துக்குப் போகும் பிள்ளைகளில் காவலர் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் இருக்கிறார்கள். ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில் 10 கி.மீ. பிரிவுக்குப் பெயர் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு நடக்கத் தொடங்கி, மெல்ல ஓட்டத்துக்கு வந்த குடும்பத் தலைவர்களும் இருக்கிறார்கள். வீட்டு வேலைகளுக்கு நடுவே அரை மணி நேரத்தை எடுத்துக்கொண்டு நடக்கவும் ஓடவும் செய்கிற சகோதரிகளும் இருக்கிறார்கள்.

இவர்களில் பலர் நம்மிடம் வந்து சொல்லும் குறை ஒன்றேதான். "மூன்று மாதமாக ஒழுங்காக ஓடினேன். பந்தயத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது காய்ச்சலில் படுத்துவிட்டேன். எல்லாம் போச்சு. இனிமேல் ஓடி என்ன ஆகப்போகிறது?" காய்ச்சலுக்குப் பதில் கால் சுளுக்கு இருக்கலாம், ஐப்பசி, கார்த்திகை மழை இருக்கலாம், கல்லூரித் தேர்வு, வீட்டில் ஒரு கல்யாணம், ஒரு மவுத்து என்று எதுவாகவும் இருக்கலாம். காரணம் எதுவானாலும் முடிவு ஒன்றுபோலவே இருக்கிறது. ஷூ கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. காரணம் தீர்ந்த பிறகும் அது வெளியே வருவதில்லை.

இந்தக் கட்டுரை அவர்களுக்காகவும் அவர்கள் வீட்டாருக்காகவும் எழுதப்படுகிறது. நாம் சொல்ல வருவதைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நின்றுபோன நாட்களில் உடல் இழப்பது கொஞ்சம்தான். அதைத் திரும்பப் பெறலாம். மனம் விட்டுப்போனால்தான் பெரிய இழப்பு. ஆகவே, விட்டதை ஈடுகட்ட அவசரப்படாமல், இருக்கிற நாட்களுக்கு ஏற்பக் குறிக்கோளைத் திருத்திக்கொண்டு, சிறிய அளவில் உடனே தொடங்குவதுதான் வழி.

உடல் உண்மையில் எவ்வளவு இழக்கிறது?

பத்து நாள் ஓடவில்லை என்றால் மூன்று மாத உழைப்பும் கரைந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல.

ஓடும்போது உடல் அதிகபட்சமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடிகிறது என்பதை வைத்து ஒருவரின் தாங்கும் சக்தியை அளக்கிறார்கள். நீண்ட காலம் பயிற்சி செய்த வீரர்களைப் பயிற்சியை நிறுத்தச் சொல்லி அளந்துபார்த்த ஆய்வு ஒன்று 1984-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. முழுமையாக 21 நாட்கள் நிறுத்திய பிறகு இந்தச் சக்தி குறைந்தது 7 சதவீதம். 56 நாட்களில் 16 சதவீதம் வரை குறைந்து, அதற்குப் பிறகு ஏறக்குறைய அந்த அளவிலேயே நின்றது. பயிற்சியால் தசைகளுக்குள் பெருகியிருந்த நுண்ணிய ரத்தக் குழாய்கள் அப்போதும் குறையவில்லை. அவர்கள் பல வருடம் பயிற்சி செய்தவர்கள். நம்மைப் போல் சில மாதங்கள் ஓடியவர்களுக்கு இழப்பு சற்றுக் கூடலாம். ஆனாலும் பத்துப் பன்னிரண்டு நாட்களில் எல்லாம் அழிந்துவிடுவதில்லை.

அப்படியானால், மீண்டும் ஓடும் முதல் நாள் ஏன் அவ்வளவு மூச்சு வாங்குகிறது? ஓடுவதை நிறுத்தினால் முதலில் குறைவது ரத்தத்தில் உள்ள நீர்ப்பகுதி. ரத்தத்தின் அளவு குறைவதால், ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் ரத்தமும் குறைகிறது. அதை ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கிறது. முதல் நாள் நெஞ்சு படபடவென்று அடிப்பதற்கும், பழைய வேகத்தில் பாதியிலேயே களைத்துப்போவதற்கும் இது முக்கியக் காரணம். இது விரைவாகக் குறைவதுபோலவே, மறுபடி ஓடத் தொடங்கினால் விரைவாகவே திரும்பியும் வருகிறது. ஆகவே முதல் நாள் ஓட்டத்தை வைத்து உங்களை நீங்களே எடைபோட்டுவிடாதீர்கள். "எல்லாம் போச்சு" என்ற முடிவைப் பலர் எடுப்பது அந்த முதல் நாளில்தான்.

இன்னொரு செய்தியும் உண்டு. வாரத்துக்கு 6 நாள் பயிற்சி செய்தவர்கள் அதை 2 நாளாகக் குறைத்தும், அந்த 2 நாட்களில் வேகத்தைக் குறைக்காமல் இருந்ததால், 15 வாரங்கள்வரை தங்கள் தாங்கும் சக்தியைக் காப்பாற்றிக்கொண்டார்கள் என்று மற்றோர் ஆய்வு காட்டியது. தேர்வு, வேலைப் பளு, வீட்டு விசேஷம் போன்ற காரணங்களால் தடைபடுகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல். முழுவதும் விட்டுவிடுவதற்கும், வாரத்தில் இரண்டு நாளாவது பிடித்துக்கொள்வதற்கும் மலையளவு வித்தியாசம் இருக்கிறது.

விடுபட்ட கிலோமீட்டருக்குக் களா இல்லை

நமக்கு ஒரு பழக்கம் உண்டு. ரமளானில் நோன்பு விடுபட்டால், பிறகு கணக்கு வைத்துக் களா செய்கிறோம். அதே கணக்கை ஓட்டத்துக்கும் போட்டுவிடுகிறார்கள் நம் பிள்ளைகள். "இரண்டு வாரத்தில் 50 கி.மீ. விட்டுப்போச்சு, இந்த வாரம் சேர்த்து ஓடிவிட வேண்டும்" என்கிறார்கள். கால் போவது அந்த வாரத்தில்தான்.

காரணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். இதயமும் ரத்த ஓட்டமும் சீக்கிரம் பழைய நிலைக்கு வந்துவிடுகின்றன. எலும்பும், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணும் மெதுவாகத்தான் பலப்படுகின்றன. பத்தாவது நாளில் "மூச்சு நன்றாக இருக்கிறதே" என்று வேகத்தைக் கூட்டுகிறோம். குதிகால் நாணும் முன்கால் எலும்பும் அதற்குத் தயாராக இல்லை. அங்கே வலி எடுத்தால் அடுத்த தடை இரண்டு மாதமாகிவிடும்.

நோன்பைவிடத் தொழுகையில் இதற்கு நல்ல பாடம் இருக்கிறது. பயணத்தில் இருப்பவருக்கு நான்கு ரக்அத் இரண்டாகச் சுருங்குகிறது. நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழுகிறார். உட்காரவும் முடியாதவர் படுத்தபடி தொழுகிறார். நிலைமைக்கு ஏற்ப அளவும் முறையும் மாறுகின்றன. தொழுகை மட்டும் விடுபடுவதில்லை. தடைபட்ட காலத்தில் பயிற்சியையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். ஓட முடியவில்லையா, நடங்கள். நடக்கவும் கூடாது என்று டாக்டர் சொன்னால், நீங்கள் ஓடும் அதே நேரத்தில் எழுந்து, அனுமதிக்கப்பட்ட எளிய உடற்பயிற்சியைச் செய்யுங்கள். அதுவும் கூடாதென்றால், ஓய்வெடுப்பதே அன்றைய பயிற்சி. நேரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

தடைக்கு எது காரணம் என்று முதலில் பாருங்கள்

எல்லாத் தடையும் ஒன்றல்ல. காரணத்துக்கு ஏற்ப வழியும் மாறும்.

*காய்ச்சல்:* சாதாரணச் சளி, மூக்கடைப்பு மட்டும் என்றால் மெதுவாக நடக்கலாம். காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சில் சளி, வயிற்றுப்போக்கு என்றால் ஓடவே கூடாது. சில வைரஸ் காய்ச்சல்களில் இதயத் தசையிலும் வீக்கம் வரலாம்; அந்த நிலையில் கடுமையாக ஓடுவது உயிருக்கே ஆபத்து. காய்ச்சல் விட்ட பிறகு ஓடும்போது நெஞ்சு வலி, மயக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல், படபடப்பு எது வந்தாலும் அங்கேயே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். மழைக்காலத்தில் டெங்கு வருவது நமக்குத் தெரியும். டெங்கு விட்ட பிறகும் களைப்பு சில வாரங்கள் நீடிக்கலாம். டாக்டர் சரி என்று சொன்ன பிறகே மைதானத்துக்குப் போக வேண்டும். டெங்கு என்று சந்தேகம் இருந்தால் உடம்பு வலிக்காக ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். அவை ரத்தக் கசிவை அதிகப்படுத்தலாம்.

*காலில் அடி, வலி:* தசைப் பிடிப்பு, லேசான சுளுக்கு சில நாட்களில் தேறிவிடும். எலும்பில் ஒரே இடத்தில் விரல் வைத்தால் சுரீர் என்று வலிக்கிறது, ஓட ஓட வலி கூடுகிறது, இரவிலும் வலிக்கிறது என்றால் எலும்பில் நுண்ணிய விரிசல் இருக்கலாம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது இங்கே மிகப் பெரிய தவறு. வலி என்பது உடல் தரும் எச்சரிக்கை. மாத்திரை எச்சரிக்கையை அடக்கும், விரிசலை அடக்காது. டாக்டர் அனுமதித்தால் சைக்கிள், நீச்சல் ஆகியவற்றால் மூச்சுத் திறனைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

*மழை:* இது உடலைப் பாதிக்காத தடை. தண்ணீர் தேங்கிய சாலையில் பள்ளமும் திறந்த சாக்கடையும் தெரியாது. மின்கம்பி அறுந்து கிடந்தாலும் தெரியாது. அங்கே ஓடுவது வீரமல்ல. வீட்டு மாடிப்படியில் 15 நிமிடம் ஏறி இறங்குவது, நின்ற இடத்தில் ஓடுவது, கயிறு தாண்டுவது, உட்கார்ந்து எழுவது போதும்.

*தேர்வு, வேலை, வீட்டு விசேஷம்:* வாரத்தில் இரண்டு நாள், 20 முதல் 25 நிமிடம், அதில் கொஞ்சம் வேகம். இது போதும் என்பதை மேலே பார்த்தோம்.

*நோன்பு:* ரமளானில் பயிற்சியின் அளவு குறைவது இயல்பு. அதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம். இஃப்தாருக்கு முன் அரை மணி நேரம் மெதுவான ஓட்டம் அல்லது நடை சிலருக்கு ஒத்துவரும். முடித்த உடனே தண்ணீர் கிடைத்துவிடும். தராவீஹ் முடிந்த பிறகு ஓடுவது சிலருக்கு வசதி. நோன்புக் கஞ்சியும் பேரீச்சம்பழமும் எடுத்து, இரவில் விட்டு விட்டுத் தண்ணீர் குடித்து, ஸஹரைத் தவற விடாமல் இருந்தால் உடல் தாங்கும். வெயிலில், நோன்போடு, வேகப் பயிற்சி மட்டும் வேண்டாம். தூக்கம் குறையும் மாதம் இது. தூக்கமா ஓட்டமா என்று வந்தால் தூங்குங்கள். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் நோன்பு வரும் முன்பே டாக்டரைக் கலந்துகொள்ள வேண்டும். ரமளான் ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முன்னால் வருவதால், எந்தப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தாலும் நாட்காட்டியைப் பார்த்துவிட்டுக் கொடுப்பது நல்லது.

*பிரசவம்:* தாய்மார்கள் குறைந்தது மூன்று மாதம்வரை ஓட்டத்துக்கு அவசரப்பட வேண்டாம். நடையில் தொடங்கி, டாக்டரைக் கேட்டு ஓட்டத்துக்கு வரலாம்.

மனம் தளராமல் இருக்க என்ன செய்வது?

முதலாவது, அளவுகோலை மாற்றுங்கள். கிலோமீட்டரையும் டைமிங்கையும் சிறிது காலம் எண்ணாதீர்கள். சுவரில் மாட்டிய காலண்டரில், ஏதேனும் ஒரு பயிற்சி செய்த நாளில் ஒரு குறி மட்டும் போடுங்கள். பத்து நிமிடம் நடந்தாலும் குறி உண்டு. இரண்டு வாரத்தில் பத்துக் குறி விழுந்துவிட்டால் நீங்கள் திரும்பி வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இரண்டாவது, "நாளையிலிருந்து ஓடணும்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். எப்போது, எங்கே, என்ன என்று சொல்லுங்கள். "சுபுஹு தொழுதுவிட்டு, பள்ளிவாசல் வாசலிலிருந்தே மைதானத்துக்கு நடப்பேன், 20 நிமிடம்." நமக்கு ஐந்து வக்துத் தொழுகை ஒரு நாளை ஏற்கெனவே ஐந்தாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. ஒரு தொழுகையோடு பயிற்சியைச் சேர்த்துவைத்தால், தனியாக நினைவுபடுத்த வேண்டியதில்லை. "மழை பெய்தால் மாடிப்படி" என்று மாற்றையும் முன்பே முடிவு செய்துவையுங்கள். காலையில் எழுந்து யோசிக்க ஆரம்பித்தால் போர்வைதான் ஜெயிக்கும்.

மூன்றாவது, குறிக்கோளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எல்லாம் நன்றாக அமைந்தால் இந்த நேரத்துக்குள் முடிப்பது. நடுத்தரமாக இருந்தால் நடக்காமல் ஓடி முடிப்பது. அன்று சரியில்லை என்றால் ஓடியும் நடந்தும் நலமாக வந்துசேர்வது. ஒரே குறிக்கோளைப் பிடித்துக்கொண்டிருந்தால், அது கைவிட்டுப் போகும்போது ஓட்டமே கைவிட்டுப் போகிறது.

நான்காவது, மற்றவரோடு ஒப்பிடுவதைக் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள். நீங்கள் படுத்திருக்கும்போது வாட்ஸ்அப் குழுவில் "இன்று 12 கி.மீ. முடிந்தது" என்று நண்பர்கள் போடும் படம் மனதைக் கலைக்கும். குழுவின் சத்தத்தை நிறுத்திவைக்கலாம்; நண்பர்களை விட்டுவிட வேண்டாம். ஓட முடியாத நாளிலும் மைதானத்துக்குப் போய் அவர்களுக்கு நேரம் பார்த்துச் சொல்லுங்கள், தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கே நிற்கிறவர் ஓட்டக்காரராகவே இருக்கிறார். வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்தான் மெல்ல மெல்ல "முன்பு ஓடினேன்" என்று சொல்லத் தொடங்குகிறார்.

நான்கு வாரம் மீதி இருந்தால்: ஒரு மாதிரி

வாரத்துக்கு 30 கி.மீ. ஓடிக்கொண்டிருந்த ஒருவர் காய்ச்சலால் இரண்டு வாரம் நிறுத்திவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். 10 கி.மீ. பந்தயத்துக்கு நான்கு வாரம் இருக்கிறது. டாக்டர் சரி என்று சொல்லிவிட்டார்.

முதல் வாரம்: இரண்டு நாள் 30 நிமிடம் நடை மட்டும். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று முறை, 2 நிமிடம் மெதுவோட்டம், 1 நிமிடம் நடை என்று எட்டுப் பத்துத் தடவை. வாரம் முழுவதும் சேர்த்து ஓட்டம் 10 கி.மீ.யைத் தாண்ட வேண்டாம்.

இரண்டாம் வாரம்: நான்கு நாள், பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில். மொத்தம் 15 முதல் 18 கி.மீ.

மூன்றாம் வாரம்: மொத்தம் 20 முதல் 22 கி.மீ. அதில் ஒரு நாள் 8 கி.மீ. நிதானமாக. இன்னொரு நாள், பந்தயத்தில் ஓட நினைக்கும் வேகத்தில் 400 மீட்டரை நான்கு முறை, நடுவே நன்றாக ஓய்வெடுத்து.

நான்காம் வாரம்: இரண்டு மூன்று குறுகிய ஓட்டங்கள், மொத்தம் 10 கி.மீ. அளவு. பந்தயத்துக்கு முந்தைய நாள் ஓய்வு, நல்ல தூக்கம்.

நான்காம் வாரத்தில் குறைப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தேர்ந்த வீரர்களும் பந்தயத்துக்கு முந்தைய இரண்டு வாரங்களில் ஓடும் தூரத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்து, வேகத்தை மட்டும் விடாமல் வைத்துக்கொள்கிறார்கள். களைப்பு தீர்ந்த கால்தான் பந்தயத்தில் ஓடும். ஆகவே உங்களுக்குத் தடை பந்தயத்துக்குக் கடைசி வாரத்தில் வந்திருந்தால், அதில் ஒரு பகுதி நீங்கள் எப்படியும் எடுத்திருக்க வேண்டிய ஓய்வுதான்.

காலையில் எழுந்தவுடன் நாடித் துடிப்பை எண்ணிப் பாருங்கள். வழக்கத்தைவிடப் பத்துத் துடிப்பு கூடுதலாக இருந்தால் அன்று ஓய்வு.

காவலர் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். அதாவது 400 மீட்டருக்கு 1 நிமிடம் 52 நொடி. தடைக்குப் பிறகு நீண்ட தூரத்தை விரட்ட வேண்டியதில்லை. இரண்டு வாரம் மெதுவோட்டத்தில் காலைப் பழக்கிவிட்டு, பிறகு வாரத்தில் இரண்டு நாள் 400 மீட்டரை 1 நிமிடம் 50 நொடியில் மூன்று, நான்கு முறை ஓடி, வேகத்தைக் காலுக்கு நினைவூட்டினால் போதும். அறிவிப்பு வந்த பிறகு தொடங்குகிறவருக்கு ஒரு வாரக் காய்ச்சலும் பேரிடிதான். ஆறு மாதம் முன்பே தொடங்கியவருக்கு அது ஒரு வாரக் காய்ச்சல், அவ்வளவுதான்.

பந்தயத்தை விட்டுக்கொடுக்கவும் தெரிய வேண்டும்

எந்த நிலையிலும் ஓடியே தீர வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. காய்ச்சல் முழுதாக விடவில்லை, எலும்பு வலி இருக்கிறது, டாக்டர் வேண்டாம் என்கிறார் என்றால், கட்டிய பணத்தையும் வாங்கிய டி-ஷர்ட்டையும் நினைத்து ஓடக் கூடாது. உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அரை மாரத்தான், அதாவது 21.1 கி.மீ. தூரத்துக்குப் பெயர் கொடுத்தவர் நீண்ட ஓட்டங்களைத் தவறவிட்டிருந்தால், 10 கி.மீ. பிரிவுக்கு மாற்றித் தருவார்களா என்று கேட்டுப் பார்க்கலாம். பல போட்டிகளில் அதற்கு ஒரு கடைசித் தேதி வைத்திருப்பார்கள்.

உலகப் புகழ்பெற்ற வீரரான மோ ஃபாராவை எடுத்துக்கொள்வோம். சோமாலியப் பகுதியில் பிறந்து, சிறு வயதில் பிரிட்டனுக்கு வந்த முஸ்லிம் சகோதரர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றவர். 2014 கோடையில் பயிற்சியின் நடுவே உடல்நலம் கெட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அதனால் அந்த ஜூலையில் கிளாஸ்கோவில் நடந்த காமன்வெல்த் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். தன் நாட்டு மண்ணில், தன் மக்கள் முன்னால் ஓடும் வாய்ப்பு அது. விட்டுக்கொடுப்பது எளிதாக இருந்திருக்காது. அதே ஆகஸ்டில் சூரிக்கில் நடந்த ஐரோப்பிய சாம்பியன் போட்டியில் இரண்டு தூரங்களிலும் தங்கம் வென்றார். ஒரு பந்தயத்தை விட்டுக்கொடுத்தவருக்கு அடுத்த பந்தயம் கிடைத்தது.

மொரோக்கோ நாட்டு ஹிஷாம் அல்-கரூஜின் காத்திருப்பு இன்னும் நீளமானது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக் 1500 மீட்டர் இறுதிப் போட்டியில் இடறி விழுந்து கடைசியாக வந்தார். 2000 சிட்னியில் வெள்ளி. 2004 ஏதென்ஸில் 1500 மீட்டரிலும் 5,000 மீட்டரிலும் தங்கம். நடுவில் எட்டு வருடம். நமக்குத் தவறிப்போவது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம். அது அடுத்த வருடமும் வரும், இன்ஷா அல்லாஹ்.

வீட்டாருக்கு

தடைபட்ட பிள்ளையை மீண்டும் எழுப்புவதும் உட்காரவைப்பதும் பெரும்பாலும் வீட்டில் விழும் ஒரு சொல்தான். "நான்தான் அப்பவே சொன்னேனே, உனக்கு எதுக்கு இந்த வேலை" என்று அத்தா சொன்னால், அவன் ஷூவைத் தேட மாட்டான். "மெதுவா நடந்துட்டு வா, நானும் வரேன்" என்று சொன்னால் அன்றே கிளம்பிவிடுவான். பயிற்சி முடிந்து வந்ததும் எத்தனை கி.மீ. என்று கேட்காதீர்கள், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். காய்ச்சலிலிருந்து எழுந்த பிள்ளைக்கு முட்டை, பருப்பு, பழம், போதிய தண்ணீர், எட்டு மணி நேரத் தூக்கம் இவை போதும். விளம்பரத்தைப் பார்த்து டப்பா டப்பாவாகப் பவுடர் வாங்க வேண்டியதில்லை.

சகோதரிகள் விஷயத்தில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வீட்டில் எந்தத் தடை வந்தாலும் முதலில் நிற்பது பெண்களின் பயிற்சிதான். விருந்தாளி வந்தால் நிற்கும். பிள்ளைக்குச் சளி பிடித்தால் நிற்கும். மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்றால் நிற்கும். நின்றதைத் திரும்பத் தொடங்க யாரும் நினைவூட்டுவதும் இல்லை. நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தின்போது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் வைத்ததும், அதில் அன்னையவர்கள் முந்தியதும் அபூதாவூத் தொகுப்பில் இடம்பெற்றுள்ள செய்தி. பின்னொரு காலத்தில், அன்னையவர்களின் உடல் எடை கூடியிருந்தபோது மறுபடி ஓடினார்கள். அப்போது நபியவர்கள் முந்தினார்கள். உடல் பழையபடி இல்லை என்பதற்காக அன்னையவர்கள் ஓடாமல் இருந்துவிடவில்லை. நபியவர்களும் மனைவியோடு ஓடுவதற்கு நேரம் ஒதுக்கினார்கள். காலையில் அரை மணி நேரம் பிள்ளைகளைக் கணவர் பார்த்துக்கொண்டால், மனைவியின் நடை நிற்காது. இதற்குச் செலவும் இல்லை.

நிறைவாக

ஸஹாபாக்களில் ஸலமா பின் அக்வஃ (ரலி) அவர்கள் காலோட்டத்தில் பெயர் பெற்றவர்கள். ஒரு பயணத்திலிருந்து திரும்பும்போது, ஓட்டத்தில் யாருக்கும் தோற்காத அன்சாரித் தோழர் ஒருவரோடு மதீனா வரை ஓடி முந்தினார்கள் என்று முஸ்லிம் தொகுப்பில் வருகிறது. அந்தச் செய்தியில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தொடக்கத்திலேயே முழு வேகத்தில் ஓடிவிடாமல், மூச்சைக் காத்துக்கொண்டு பின்னால் சென்று, பிறகுதான் வேகத்தைக் கூட்டி எட்டிப் பிடித்தார்கள். தடைக்குப் பிறகு மைதானத்துக்குத் திரும்புகிறவருக்கும் அதுவே முறை. ஆரம்பத்தில் அடக்கம், பிறகு மெல்ல வேகம்.

கட்டிலுக்கு அடியில் ஷூ கிடந்தால் இன்றிரவே எடுத்து, தூசி தட்டி, வாசல் அருகே வையுங்கள். நாளை சுபுஹுக்குப் பிறகு பத்து நிமிடம் நடங்கள். காலண்டரில் ஒரு குறி போடுங்கள். நாளைக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டாம். மறுநாள் மறுபடியும் பத்து நிமிடம்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்ல உடல்நலத்தையும், தொடங்கியதை விடாமல் செய்யும் உறுதியையும் தந்தருள்வானாக. ஆமீன்.